வால் கலந்த ஒன்பது பீப்பாய்

மகனே, உனக்குத் தமிழ் வாசிக்க வராது என்று தெரிந்தும் தமிழிலேயே எழுதுகிறேன். முப்பது வருடம் இந்த டென்மார்க்கில் இருந்துவிட்டேன். முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிக்க வார்க்கவும், மருந்து கொடுக்கவும், அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்த்து நல்ல வார்த்தை சொல்லவும் என் டெனிஷ் போதும். இதைச் சொல்ல அது போதாது. உனக்கு எட்டு வயதில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுதாய், நானும் சரி என்று விட்டுவிட்டேன். அதனால் இதை யாராவது உனக்கு வாசித்துக் காட்டவேண்டும். எங்கள் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்கு இதைக் கொடுக்கப்போகிறேன். இந்தக் கோல்டிங் நகரத்துத் தமிழர் எல்லோரும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். ஒருவராவது உன்னிடம் கொண்டுவந்து சேர்ப்பார்கள். உன் முகத்துக்கு நேரே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நீ நம்பவில்லை.

முதலில் உன் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் போனபோது உனக்குப் பதினான்கு வயது. ஊரில் இருந்தபோது வந்த காமாலை அவருடைய ஈரலைக் கெடுத்துவிட்டது என்று உனக்குச் சொன்னேன். பள்ளிக்கூட ஆசிரியைக்கும் அதைத்தான் சொன்னேன். அது பொய். அவர் குடித்தார். இறைச்சி ஆலையில் வேலை முடிந்ததும், வீடு வந்து சேர்வதற்குள், ஒவ்வொரு நாளும். அவர் சத்தம் போட்டதில்லை, கை நீட்டியதில்லை. வந்து சப்பாத்துக் கழற்றும் வாங்கில் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்க்க முடியாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். அதனால் மறைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. மாலையில் மணி அடித்தால் நீ எழும்புவதற்கு முன் நான் போய்க் கதவைத் திறப்பேன், நினைவிருக்கிறதா? வரவேற்க அல்ல, மணந்து பார்க்க. பியர் மட்டும் என்றால் புளித்த தோசைமாவின் மணம். சாப்பாடு கொடுத்துப் படுக்கவிடலாம். ஸ்னாப்ஸ் என்கிற கடும் சாராயம் என்றால் சீரகம் மணக்கும். இந்த நாட்டுக்காரர் அதில் சீரகம் போன்ற ஏதோ விதை போடுகிறார்கள். அன்றைக்கு உன்னை வீட்டுப்பாடத்தோடு அறைக்குள் அனுப்பிவிடுவேன். நம் வீட்டு ரசத்தில் பல வருடம் சீரகம் இல்லாமல் போனது அதனால்தான். கொஞ்சக் காலத்தில் இரண்டு கிளாஸா நான்கு கிளாஸா, எப்போது தொடங்கினார், இடையில் சாப்பிட்டாரா என்பது வரைக்கும் வாசலிலேயே என் மூக்கு சொல்லிவிடும். என் வாழ்க்கையில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான்.

நீ ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் படித்தாய். பால், பாண், பாற்கட்டி என்று ஏதாவது ஆலையில் வேலைக்குப் போவாய் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் தொலைபேசியில், "அம்மா, அயர்லாந்திலை ஒரு வடிசாலையிலை வேலை கிடைச்சிட்டுது. விஸ்கி வடிக்கிற இடம்" என்றாய். நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். "குளிருக்கு நல்ல உடுப்பாக் கொண்டுபோ" என்று மட்டும் சொன்னேன். இல்லாத காமாலையை உனக்குக் காரணமாகக் காட்டியவள் நான். விஸ்கி உனக்கு ஒரு விஞ்ஞானம், ஒரு வாசனை, ஒரு வேலை. வேறு எதுவாக அது உனக்குத் தெரிந்திருக்க முடியும்?

அங்கே ஒருமுறை என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். ஆற்றங்கரையில் சிறிய ஊர். பழைய வடிசாலை மூடி எத்தனையோ வருடம் மாட்டுத்தீனி அடுக்கும் இடமாக இருந்து, திரும்பவும் திறந்திருந்தார்கள். உன்னோடு வேலை செய்த கீரனை அங்கேதான் முதலில் பார்த்தேன். ஐரிஷ்காரப் பெடியனுக்கு எங்கள் ஆட்களின் பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். தன் நாட்டில் ஒரு காலம் ஊருக்கு ஊர் வடிசாலை இருந்தது, ஒவ்வொன்றாக மூடி விரல்விட்டு எண்ணக்கூடிய சிலதான் மிஞ்சின, இப்போது தன் வயதுப் பிள்ளைகள் பழைய ஆலைகளிலும் பண்ணைக் கொட்டில்களிலும் புதிதாகத் தொடங்குகிறார்கள் என்று அவன் சொன்னான். முதல் நாள் புகைபோக்கியில் ஆவி எழும்பியபோது ஊர்ச் சனம் வேலையை விட்டுவிட்டு வந்து பாலத்தில் நின்று பார்த்ததாம். அதைச் சொன்னபோது உன் கண் நிறைந்திருந்தது. உன்னை நான் அப்படிக் கண்டது குறைவு. அதற்குப் பிறகு வாயைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து நீங்கள் இருவருமாக இங்கே வந்தீர்கள். கோல்டிங்குக்கு வெளியே மூடிக்கிடந்த பால் ஆலையை எடுத்தீர்கள். மூன்று செப்புக் கலன்கள் பாரவண்டியில் வந்து இறங்கின. முளைவிட்ட பார்லியையும் முளைவிடாத பார்லியையும் கலந்து, மூன்று முறை காய்ச்சி வடிப்பது அயர்லாந்து முறை என்று எனக்குச் சொல்லித்தந்தாய். டென்மார்க்கில் செய்வதால் போத்தலில் ஐரிஷ் என்று போட முடியாது, செய்கிற விதம் மட்டும் அதுதான் என்று கீரன் கவலைப்பட்டான். ஓக் பீப்பாயில் மூன்று வருடம் கிடந்தால்தான் அதற்கு விஸ்கி என்று பெயராம். அதுவரைக்கும் கடை நடக்க ஜின் செய்து விற்றீர்கள். கீரன் அதைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தான். வடிப்பது உன் பொறுப்பு. உன் மூக்கை நம்பித்தான் அவன் தன் நாட்டை விட்டு வந்தான்.

முதல் விஸ்கி வடிப்பதற்கு முன், உலகமெல்லாம் பரவிய அந்தக் காய்ச்சல் உனக்கும் வந்தது. இருமல் மாறியது, உடம்புவலி மாறியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் யன்னல் எல்லாம் பூட்டியபடி குசினியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தேன். சிறுவயதிலிருந்தே நீ வாசலில் கால் வைத்ததும் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார்கள் என்று டெனிஷில் சத்தம் போட்டுக்கொண்டு எல்லா யன்னலையும் திறப்பவன். அன்று உள்ளே வந்தாய், கதிரையை இழுத்து உட்கார்ந்தாய், "இண்டைக்கு என்னம்மா சாப்பாடு?" என்று கேட்டாய்.

அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று உனக்கு விளங்கிவிட்டது.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"ஆறு கிழமை. ஒண்டுமே மணக்கேல்லை."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"வரலாமாம். வராமலும் விடலாமாம்." பிறகு என் கையைப் பிடித்தாய். "கீரனுக்குச் சொல்லாதையுங்கோ."

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஏதாவது இருந்தால் அது இதுதான், மகனே. முடியாததை முதல் நாளே சொல்லிவிடு. கீரன் நல்லவன். அன்றைக்கே சொல்லியிருந்தால் திட்டிவிட்டு வேறு வழி பார்த்திருப்பான். ஆனால் மறைப்பதை நீ என்னிடமிருந்துதானே கற்றாய். நீ கேட்டாய், நான் தலையாட்டினேன். அடுத்த கிழமை இன்னொன்று கேட்டாய். "அம்மா, உங்கட மூக்கு நல்ல மூக்கு. வந்து எனக்கு மணந்து சொல்லுவியளோ?"

வேலையில்லாத நாட்களில் வந்தேன். ஜின் போத்தலுக்கு லேபல் ஒட்ட வருகிறேன் என்று கீரனிடம் சொன்னோம். அவன் ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து எனக்குக் கதிரை போட்டான். அவன் காரில் வெளிக்கிட்டதும் நீ கலனுக்குப் பக்கத்தில் சின்னக் கிளாஸ்களோடு நிற்பாய். முதலில் வருவது தலை, அது நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல மூக்கில் குத்தும், அதை ஒதுக்கவேண்டும். நடுவில் வருவது நெஞ்சு, அதுதான் பீப்பாய்க்குப் போவது. கடைசியில் வருவது வால், அது நனைந்த அட்டைப்பெட்டி போல, காயாத துணி போல மணக்கும், அதையும் ஒதுக்கவேண்டும். எந்த நிமிடத்தில் நெஞ்சு முடிந்து வால் தொடங்குகிறது என்பதைச் சொல்வதுதான் வேலை, அதை நீங்கள் வெட்டுவது என்பீர்கள். இரண்டாம் நாளே எனக்குப் பிடிபட்டுவிட்டது. "இப்ப திருப்பு" என்பேன், நீ குழாயைத் திருப்புவாய். நீ ஆச்சரியப்பட்டுக் கேட்டாய், "இவ்வளவு நுணுக்கமா உங்களுக்கு எப்பிடியம்மா தெரியுது?"

"சமைக்கிறவளுக்குத் தெரியாதோ" என்றேன். அதுவும் பொய்.

அந்தக் குளிர்காலத்தில் முதல் நான்கு பீப்பாய்க்கும் நான் உண்மை சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். நீ சந்தோஷமாக இருந்தாய். அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் வெறுத்த ஒரு மணம் பிள்ளைக்கு உதவுகிறதே என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு மத்தியானம், நாலாம் பீப்பாய் மூடிய அன்று, நீ ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாய். உன் மூச்சு என் முகத்தில் பட்டது. மூன்று கிளாஸ். காலையில் தொடங்கியது. இடையில் சாப்பிடவில்லை.

"தம்பி, குடிச்சனியோ?" என்று கேட்கத் தொண்டை வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. "என்னப்பு, வாயெல்லாம் மணக்குது?" என்று விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"மூக்கு இல்லையெண்டால் நாக்காலை பாக்கத்தானே வேணும். அது வேலையம்மா" என்றாய்.

உன் அப்பாவும் அப்படித்தான் சொல்வார். ஆலையில் எல்லோரும் வேலை முடிய ஒன்று எடுப்பார்கள், அது வேலையோடு சேர்ந்தது என்பார். அடுத்த தடவை உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிளாஸை வாயில் வைத்தாய். துப்பும் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. நீ விழுங்கினாய்.

அதன்பிறகு நான் செய்ததைத்தான் நீ நம்ப மறுக்கிறாய். ஐந்தாம் பீப்பாய்க்கு வடித்த அன்று நெஞ்சு முடிந்தது, எனக்குத் தெரிந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. நனைந்த நாயின் மணம் வந்தது. கிளாஸை மூக்கில் வைத்தபடி இருந்தேன். நீ அளவுமானியைப் பார்த்தாய். "அம்மா, சாராயத்தின்ரை அளவு நல்லா இறங்கிட்டுது. உண்மையா இன்னும் நல்லா இருக்கோ?"

"ஓம். நல்லா இருக்கு. விடு."

நீ ஒருமுறை மானியைப் பார்த்தாய், ஒருமுறை என்னைப் பார்த்தாய். என்னை நம்பினாய்.

இந்த வடிசாலை படுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். படுத்தால் நீ பால் ஆலைக்கோ பாண் ஆலைக்கோ போய்விடுவாய், இந்த மணம் உன்னை விட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். நேரே சொல்ல முடியாததைப் பொய்யால் செய்தேன். ஐந்திலிருந்து பதின்மூன்று வரை ஒன்பது பீப்பாய். ஒவ்வொன்றிலும் வால் கலந்தது. பிறகு முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி வருவதை நிறுத்திக்கொண்டேன். நீ அளவுமானியை மட்டும் வைத்துக்கொண்டு, பயந்து பயந்து, முன்கூட்டியே குழாயைத் திருப்பி வடித்தாய். கீரன் இடைக்கிடை திறந்து பார்த்தது கீழ்வரிசையில் இருந்த முதல் பீப்பாயை மட்டும்தான். அது நன்றாக இருந்தது. மூன்று வருடம் அந்த ஒன்பதும் மேல்வரிசையில் என் பொய்யோடு கிடந்தன. நான் ஒவ்வொரு ஞாயிறும் உனக்குச் சோறு சமைத்துத் தந்தேன்.

திறந்த நாளை மறக்கமுடியாது. கீரனின் தாய் தகப்பன் அயர்லாந்திலிருந்து வந்திருந்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்தார்கள். கோப்பன்ஹேகனில் கடை வைத்திருந்த ஒருவர் வாங்குவதற்கு வந்திருந்தார். நான் மீன் றோல்ஸும் பற்றீஸும் செய்து கொண்டுவந்தேன். முதல் பீப்பாயைத் திறந்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள், கீரனின் தாய் என் கையைப் பிடித்து ஏதோ சொல்லி அழுதார். அந்தக் கடைக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, மேலே இருந்த ஏழாம் பீப்பாயைக் காட்டி, அதையும் பார்க்கலாமா என்றார்.

கீரன் ஏணி வைத்து ஏறி ஒரு கிளாஸில் எடுத்து வந்தான். மணந்தான். கடைக்காரரிடம் கொடுத்தான். அவர் மரியாதையாக, இன்னும் காலம் வேண்டும் போலிருக்கிறது என்றார். கீரன் கிளாஸை உன்னிடம் நீட்டினான். "நீ சொல்லு, என்ன மணக்குது?"

நீ பாடமாக்கி வைத்திருந்ததைச் சொன்னாய். பச்சை ஆப்பிள், தேன், புதுப் பாண்.

கீரன் உன்னையே பார்த்தான். "இதிலே தேன் இல்லை. நனைஞ்ச நாய்தான் இருக்கு. உனக்கு மணக்கேல்லையா?" என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டான். கிளாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "உனக்கு எப்பத்திலிருந்து மணக்கேல்லை?"

நீ சொன்னாய். எல்லோர் முன்னாலும் சொன்னாய். காய்ச்சல் வந்ததிலிருந்து என்றாய்.

"அப்ப இவ்வளவையும் யார் வெட்டினது?"

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான். குத்துமதிப்பா" என்றாய்.

நான் றோல்ஸ் தட்டோடு நின்றேன். நான்கு அடி தூரம். ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். கீரன் வெளியே போய் முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நீ பீப்பாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கீரனின் தகப்பன் என் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, நன்றாக இருக்கிறது என்றார். நான் நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு வடிசாலை நிலைக்கவில்லை. விஸ்கி வாங்க முன்போல ஆள் இல்லை, அயர்லாந்திலேயே புதிதாகத் தொடங்கிய இடங்கள் சில கலன்களை ஆறவிட்டிருக்கின்றன என்று நீயே சொன்னாய். அந்த ஒன்பதும் நன்றாக இருந்திருந்தாலும் படுத்திருக்குமோ என்னவோ. அதைத்தான் நாள் முழுக்க யோசிக்கிறேன். நான் செய்ததால்தான் போனதா, எப்படியும் போயிருக்குமா? யாரிடம் கேட்பது? கீரன் போய்விட்டான். பால் ஆலையில் இப்போது யாரோ விடுமுறைக்கு இழுத்துப்போகும் கரவன் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் நினைத்தது நடந்தது. ஆனால் நீ பால் ஆலைக்கும் போகவில்லை, பாண் ஆலைக்கும் போகவில்லை. ஐந்து மாதம் என் வீட்டுச் சோபாவில் படுத்திருந்தாய். ஒவ்வொரு நாளும் உனக்குப் போர்வை போடும்போது எனக்குத் தெரிந்தது, எத்தனை கிளாஸ் என்று. விஸ்கிகூட இல்லை, கடையில் வாங்கிய மலிவுச் சரக்கு. வடிசாலையை மூடவைத்தேன், குடியை மூடவைக்க என்னால் முடியவில்லை.

பிறகு அயர்லாந்தில் ஒரு பண்ணைக்காரர் புதிதாகத் தொடங்குகிற இடத்தில் உனக்கு வேலை கிடைத்தது. வடிப்பதற்கு அல்ல, பீப்பாய் உருட்டி அடுக்குவதற்கு. மூக்குத் தேவையில்லாத வேலை என்று சிரித்தாய். பில்லுண்ட் விமான நிலையத்தில் வைத்துத்தான் எனக்கு வாய் வந்தது. காலை ஒன்பது மணி.

"தம்பி, அஞ்சாம் பீப்பாயிலை இருந்து நான் பொய்தான் சொன்னனான். வேணுமெண்டுதான் சொன்னனான். உன்ரை பிழையில்லை."

நீ பையைக் கீழே வைத்தாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய். "அம்மா, எனக்காக இப்பிடியெல்லாம் கதைக்காதையுங்கோ."

"உண்மை, ராசா. நீ குடிக்கிறதுக்குப் பயந்து செய்தனான்."

"உங்களுக்கு அப்பிடிச் செய்ய வராது. நீங்கள் என்னைக் காப்பாத்தப் பாக்கிறியள். எப்பவும் இதைத்தான் செய்யிறியள்." என் நெற்றியில் முத்தமிட்டாய். பற்பசை மணந்தது. அதற்கு அடியில் மற்றது மணந்தது. பிறகு நீ வரிசையில் போய் நின்றுகொண்டாய்.

உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று இவ்வளவு காலமும் சொன்ன பொய்களை எல்லாம் நம்பினாய். சொன்ன ஒரே ஒரு உண்மையை நம்பவில்லை. உன்னில் எனக்குக் கோபமில்லை. ஆனால் கீரனைக் கேட்டுப் பார், போவதற்கு முன் எல்லாப் பீப்பாயையும் திறந்து பார்த்தவன் அவன். முதல் நான்கும் சுத்தம், ஐந்திலிருந்து பதின்மூன்று வரை கெட்டது என்று அவன் சொல்வான். குத்துமதிப்பாக வெட்டியவனுக்கு அப்படி ஒரே கோடு விழாது. நான்கு நல்லதாகவும் அடுத்தடுத்து ஒன்பது கெட்டதாகவும் வர யாரோ நினைத்துச் செய்திருக்கவேண்டும். அந்த யாரோ நான். உன் வேலையை நீ கெடுக்கவில்லை. இதை மட்டும் எடுத்துக்கொள். மன்னிப்பதா விடுவதா என்பது உன் விருப்பம்.

போன சனிக்கிழமை நீ தொலைபேசி எடுத்தாய். மழை என்றாய், பீப்பாய் பாரம் என்றாய், தோள் நோகிறது என்றாய். நானும் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். பிறகு நான் கேட்டேன்.

"தம்பி, இண்டைக்குக் குடிச்சனியோ?"

இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. உன் அப்பாவிடம் அவர் சாகும் வரைக்கும் கேட்டதில்லை. எல்லாம் மணந்தே தெரிந்துகொண்டதால் கேட்கத் தேவையில்லை என்று இருந்துவிட்டேன். கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

அந்தப் பக்கம் நீ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. நீ கோபித்துக்கொண்டு வைத்துவிடுவாய் என்று பயந்தேன்.

"ரெண்டு, அம்மா" என்றாய்.

இரண்டுதானா, ஐந்தா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. "சரி ராசா" என்றேன். இரண்டு என்றே எடுத்துக்கொண்டேன்.